ஜாமெட்ரி பாக்ஸில் சர்க்கரை



நவம்பர் 14 என்றால் நமக்கு நேரு மாமா, பள்ளிக்கூடத்து மிட்டாய். உலக நீரிழிவு தினமும் அன்றுதான். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஃபிரெடரிக் பாண்டிங் பிறந்த நாள். மிட்டாய்க்கும் சர்க்கரை நோய்க்கும் ஒரே தேதியா என்று சிரிப்பு வரலாம். என் அக்கா மகளுக்கு வராது. அவள் பையில் ஊசியும் இருக்கும், இனிப்பும் இருக்கும்.

எட்டாம் வகுப்பில் அவளுக்கு டைப் 1 நீரிழிவு என்று தெரிந்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், ராத்திரியெல்லாம் பாத்ரூமுக்கு எழுந்தாள், சுடிதார் தொளதொளத்துப் போனது. "வயசுக்கு வந்த பிள்ளை, மெலியத்தான் செய்யும்" என்றார்கள் வீட்டில். இனிப்பு தின்றதால் வருவதல்ல இது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. இன்சுலினை விட்டால் வழியில்லை. 1922 ஜனவரியில் டொரான்டோவில் முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்ட லெனார்ட் தாம்ப்சனும் பதின்ம வயதுப் பையன்தான்.

பள்ளியில் யாரிடமும் மூச்சு விடாதே என்றாள் அக்கா. நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வரும்போது பேச்சாகிவிடுமாம். ஆனால் ஒரே பெஞ்சில் உட்காருகிறவளிடம் எதை மறைக்க? சாப்பாட்டு மணி அடித்ததும் டாய்லெட்டுக்கு ஓடி ஊசி போட்டுக்கொள்வதைச் சிநேகிதி சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாள். "அந்த நாத்தத்துல நின்னு ஏண்டி குத்திக்கிறே? இங்கயே போடு, நான் மறைச்சுக்கறேன்" என்று துப்பட்டாவை விரித்தாளாம்.

ரத்தத்தில் சர்க்கரை இறங்கி 'லோ' ஆகப்போவது சில சமயம் நோயுள்ளவருக்கே தெரியாது. சிநேகிதிக்குத் தெரிந்துவிடும். நோட்டில் எழுத்து கோணும், கேட்டதற்குப் பதில் தாமதமாக வரும், காரணமில்லாமல் அக்கா மகள் எரிந்து விழுவாள். உடனே சிநேகிதியின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து சர்க்கரைப் பொட்டலம் வெளியே வரும். முதலில் சாக்லேட்தான் வைத்திருந்தாள். அதிலுள்ள கொழுப்பால் ரத்தத்தில் சர்க்கரை ஏற நேரமாகும் என்று, செக்கப்புக்குத் துணைக்குப் போனபோது ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். அதன்பிறகு மூன்று டீஸ்பூன் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து விரலில் குத்தி டெஸ்ட். அப்போதும் சர்க்கரை அளவு 70க்குக் கீழே என்றால் இன்னொரு பொட்டலம். நினைவு தப்பிவிட்டால் மட்டும் வாயில் எதையும் போடக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான் என்பதும் அவளுக்கு மனப்பாடம்.

தேவதை என்று நினைத்துவிடாதீர்கள். "நான் என்ன உனக்கு நர்ஸா?" என்று கத்திவிட்டுப் பேசாமல் இருந்ததும் உண்டு. அது நியாயமான கோபம். ஒரு ரகசியத்தையும் ஓர் உயிரையும் சேர்த்துச் சின்னப் பெண்ணின் தலையில் கட்டியது வீட்டுப் பெரியவர்கள். கடைசியில் அவளே அக்காவிடம் வந்து, "ஆன்ட்டி, கிளாஸ் மிஸ்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். சொன்னதால் வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. பி.டி. பீரியடுக்கு முன்னால் பிஸ்கட் சாப்பிட அனுமதி கிடைத்தது. டைப் 1 உள்ள பிள்ளைகள் தேர்வு அறைக்குள் மிட்டாய், வாழைப்பழம், தண்ணீர் கொண்டுபோகலாம் என்று சிபிஎஸ்இ 2017இலேயே அனுமதித்திருக்கிறது. நோயையே மறைத்து வைத்தால் அந்தச் சலுகையை யார் போய்க் கேட்பது?

இப்போது இருவரும் வேறு வேறு கல்லூரி. அக்கா மகள் ஹாஸ்டலில் சேர்ந்த அன்றே அறைத்தோழியின் நம்பரை வாங்கி, சிநேகிதி போன் போட்டிருக்கிறாள்: "நல்லாத்தான் இருக்கேன்னு சிடுசிடுத்தா நம்பாதீங்க. முதல்ல சர்க்கரையைக் குடுங்க, சண்டையை அப்புறம் போட்டுக்கலாம்."

உங்கள் பெஞ்சிலும் இப்படி ஒருத்தியோ ஒருத்தனோ இருந்திருந்தால் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்