பையில் தைத்த வில்லை மூச்சு கொடுக்குமா?

நரிக்குடி பஸ் நிறுத்தத்தில் ஒரு வாலிபர் வந்து இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சொந்த ஊர்தான். வேலை வெளியூரில். தோளில் பெரிய கறுப்புப் பை. பை முழுக்க வட்டம் வட்டமாக, கலர் கலராகத் துணி வில்லைகள்!

டீக்கடை பெஞ்சில் இருப்பவர் சும்மா இருப்பாரா?

"என்ன தம்பி, பை நிறைய மெடலு?"

"மெடல் இல்லண்ணே. கடலுக்குள்ள முங்குறதுக்குப் படிச்சேன். பாஸ் பண்ணதுக்கு அடையாளம்."

"கிருதுமால் நதியில தண்ணி வருமான்னு நாங்க வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கோம். நீ முங்கப் படிச்சியாக்கும்!"

ஒரே சிரிப்புதான்!

சிரிப்பு இருக்கட்டும். படித்ததைப் பையில் தைத்துக் காட்டலாமா, கூடாதா? முக்குளிப்பவர்கள் மத்தியிலேயே இதில் இரண்டு கட்சி உண்டு. "உழைத்து வாங்கியது, காட்டினால் என்ன?" என்பது ஒரு கட்சி. "தெரிந்தவனுக்கு விளம்பரம் எதற்கு?" என்பது இன்னொரு கட்சி.

வில்லையின் கதை

முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு நீருக்குள் போகும் வித்தைக்கு 'ஸ்கூபா' என்று பெயர். இன்று உலகம் முழுக்க இருக்கும் கருவிக்கு வழி காட்டியவர்கள் பிரான்ஸ் நாட்டின் கூஸ்தோவும் காஞ்ஞானும். ஆண்டு 1943. பிறகு ஆளாளுக்குக் கருவி வாங்கி முங்க ஆரம்பித்தார்கள். உயிர்ப் பிரச்சினை அல்லவா? சொல்லிக்கொடுத்துச் சான்று தர அமைப்புகள் வந்தன. 'பாடி' என்ற அமெரிக்க அமைப்பு 1966-ல் தொடங்கியது. புதுச்சேரியிலும் அந்தமானிலும் நம் பிள்ளைகள் இதைப் படிக்கிறார்கள்.

அதில் முதல் வகுப்பு தேறினால் 18 மீட்டர் வரை போகலாம். அதாவது 60 அடி. நம் பக்கத்து ஆழக் கிணறு ஒன்றின் அளவு! அடுத்த வகுப்புக்கு 30 மீட்டர். பொழுதுபோக்காக முங்குகிறவர்களுக்கு 40 மீட்டர்தான் கடைசி எல்லை.

தேறியவருக்கு ஒரு அட்டை கொடுப்பார்கள். படகில் ஏறுமுன் அந்த அட்டையைத்தான் கேட்பார்கள். எத்தனை தடவை முங்கினாய், எவ்வளவு ஆழம், கடைசியாக எப்போது என்று குறிப்பு நோட்டையும் பார்ப்பார்கள். பையில் உள்ள வில்லையை யாரும் கேட்பதில்லை. காசு கொடுத்தால் வில்லை கடையிலேயே கிடைக்கும்!

எது வில்லை?

ரயில்வே போர்ட்டர் கையில் பித்தளை வில்லை இருக்கும். அதில் நம்பர் இருக்கும். பெட்டி காணாமல் போனால் அந்த நம்பரைச் சொல்லிக் கேட்கலாம். ஆட்டோ டிரைவருக்கும் பேட்ஜ் உண்டு. அது அழகுக்கு மாட்டுவது அல்ல. 'என்னை நம்பலாம், தப்பு நடந்தால் என்னைக் கேட்கலாம்' என்று ஜனங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

முக்குளிப்பு வில்லையும் அப்படித்தான். அதை மாட்டியவர் பின்னால் ஒரு புது ஆள் தைரியமாக இறங்குவார். 'அண்ணனுக்குத் தெரியும்' என்று நம்புவார். அண்ணனோ படித்தது பத்து வருஷத்துக்கு முன்னால். அதற்குப் பிறகு தண்ணீரையே பார்க்கவில்லை என்றால்? வில்லைக்குக் காலாவதி கிடையாது. வித்தைக்கு உண்டு!

ஆகவே தைத்துக்கொள்வதில் தப்பில்லை. கஷ்டப்பட்டுப் படித்ததில் பெருமை இருந்தால் என்ன குறைந்துவிடும்? ஆனால் தைத்தவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தயாராக இருக்கவேண்டும். அவ்வளவுதான்.

வில்லை இல்லாதவர்கள்

இதில் சிரிக்க முடியாத பக்கம் ஒன்று இருக்கிறது.

தூத்துக்குடியில் சங்கு குளிக்கும் தொழிலாளிகள் இருக்கிறார்கள். அவர்கள் எடுக்கும் சங்குதான் வங்காளத்துக்குப் போய்க் கல்யாணப் பெண் கையில் வளையல் ஆகிறது. முன்பு மூச்சை அடக்கிக் குளித்தார்கள். பிறகு படகில் கம்ப்ரசரை வைத்து, குழாய் வழியே காற்று வாங்கிக் குளிக்கும் பழக்கம் வந்தது. ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால், உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி விடும். மூட்டு வலிக்கும். கை கால் விழுந்துவிடலாம். உயிரும் போகலாம்.

மெதுவாக ஏறவேண்டும், ஏறும்போது மூச்சை அடக்கக்கூடாது - இவை ஸ்கூபா வகுப்பில் ஆரம்பப் பாடம். உல்லாசத்துக்கு முங்குகிறவருக்குப் பாடமும் உண்டு, அட்டையும் உண்டு, வில்லையும் உண்டு. வயிற்றுக்கு முங்குகிறவருக்கு? அனுபவம் மட்டும்தான். இது என்ன நியாயம்?

நரிக்குடி சீமையே இதற்குச் சாட்சி. இது கண்மாய் பூமி. பழைய கண்மாய்களில் குமிழி மடை இருந்தது. இரண்டு கல் தூண், அடியில் துளை, அதற்கு ஒரு அடைப்பு. கண்மாய் நிறைந்து நிற்கும்போது நீந்திப் போய், முங்கி, மடையைத் திறப்பவர் மடைக்குடும்பர். தண்ணீர் இழுக்கும் இழுப்பில் ஆளையே உள்ளே வாங்கிவிடும். அவர் முங்கினால்தான் கரைக்குக் கீழே வயல் நனையும். அவர் மார்பில் எந்த வில்லை இருந்தது?

டீக்கடையில் சிரித்த ஆளின் தாத்தாவே ஒரு காலத்தில் முங்கி மடை திறந்திருக்கலாம். 'தண்ணி இல்லாத ஊருக்கு முங்கு எதுக்கு?' என்று கேட்பது வரலாறு தெரியாத பேச்சு!

செய்யவேண்டியது

சங்கு குளிக்கும் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகப் பயிற்சி கொடுக்கட்டும். பெயர், படம், நம்பர் போட்டு அட்டை கொடுக்கட்டும். விபத்து நடந்தால் 'நீ யார்?' என்று ஆபீசில் கேட்கும்போது நீட்டுவதற்கு ஒரு காகிதம் வேண்டாமா?

அந்த அட்டை அவர்கள் கைக்கு வந்த பிறகு, பையில் தைத்தவர் தாராளமாக இன்னும் நாலு வில்லை தைத்துக்கொள்ளட்டும். யாரும் சிரிக்கமாட்டார்கள்!