நையாண்டி பழசாய்ப் போயிற்றா?

நெய்வேலி வட்டங்களில் ராத்திரி டெலிவிஷன் நையாண்டி பார்க்கும் தோழர்கள் சிலர், "வருஷக் கணக்காய் ஓடிப் பழசாய்ப் போயிற்று, சிரிப்பே வரவில்லை" என்கிறார்கள். வருஷத்தின்மேல் பழி போடுவதை நாம் ஒப்பமாட்டோம். தோழர் எம்.ஆர். ராதா "ரத்தக் கண்ணீர்" நாடகத்தை எத்தனையோ வருஷம் நடத்தினார். கதை அதேதான். ஆனால் காலைப் பத்திரிகையில் வந்த சேதி ராத்திரி மேடைக்கு வந்துவிடும். அவர் நாடகங்களுக்குப் பயந்தே சர்க்கார் 1954ல் நாடகச் சட்டம் செய்தது. பழசுக்கு யாராவது சட்டம் போடுவார்களா?

சோ அவர்களின் "முகமது பின் துக்ளக்" 1968ல் வந்தது. நமக்கும் அவருக்கும் கொள்கையில் ஒட்டாது. என்றாலும், கட்சி மாறியவருக்கெல்லாம் உபபிரதமர் பதவி வழங்கும் கட்டத்திற்கு இன்றும் சிரிக்கத்தான் செய்கிறோம். அதில் நாடகத்திற்குப் பெருமை பாதி, நமக்கு வெட்கம் பாதி.

டெலிவிஷனில் வரும் மந்திரிக்கோ ஊருமில்லை, பேருமில்லை. வெள்ளை வேட்டியும் கும்பிடுந்தான். 2023 ஜூலையில் பக்கத்து வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில், சுரங்கத்துக்கான வாய்க்கால் வெட்ட யந்திரங்களை இறக்கினார்கள். ராதா இருந்திருந்தால், அன்றிரவே குஷ்டரோகி மோகனசுந்தரம் தன் கரகரத்த குரலில், "ஏண்டா, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்து அறுக்க விட்டிருந்தா கரி ஓடிப் போயிருக்குமா?" என்று கேட்டிருப்பான்.