சர்ஜனுக்கு நாற்காலி, நர்ஸுக்கு?

ரோபோ ஆபரேஷன் என்றதும், சினிமாவில் வருவது போல ஒரு இயந்திர மனிதன் கத்தியோடு நிற்பான் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் 2000-ல் எஃப்.டி.ஏ. அனுமதி பெற்ற டாவின்சி இயந்திரம் தானாக ஒரு தையல்கூடப் போடாது. சர்ஜன் சில அடி தள்ளி ஒரு கன்சோலில் உட்கார்ந்து, திரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கைப்பிடிகளை அசைப்பார். நோயாளி மேல் கவிந்திருக்கும் இயந்திரக் கைகள் அதைச் செய்யும். மணிக்கணக்காக நின்று கழுத்தும் முதுகும் நோகும் லேப்ராஸ்கோப்பியைவிட இது அவருக்கு எவ்வளவோ மேல்.

சரி, மற்றவர்களுக்கு?

இயந்திரக் கை ஒவ்வொன்றுக்கும் கிருமி நீக்கிய உறை மாட்டுவது நர்ஸ் வேலை. கருவிகளைக் கழற்றி மாட்டுவது, கைகள் ஒன்றோடொன்று முட்டாமல் பார்ப்பது எல்லாம் நோயாளி பக்கத்தில் நிற்பவர்கள் தலையில். அவர்களுக்கு நாற்காலி கிடையாது. அந்தக் கைகளுக்கு நடுவே கிடைத்த இடுக்கில் வளைந்து நிற்க வேண்டும். புராஸ்டேட் ஆபரேஷனில் நோயாளியைத் தலை கீழாகச் சரித்துப் படுக்க வைப்பதால், மயக்க மருந்து டாக்டருக்கும் நிம்மதி இல்லை.

இதைவிடப் பெரிய சங்கதி பேச்சு. எதிரே நிற்கும் சர்ஜன் கையை நீட்டினாலே நர்ஸுக்கு எது வேண்டும் என்று புரிந்துவிடும். இங்கே அவர் முகமே தெரியாது, மைக்கில் குரல் மட்டும்தான். அந்தக் கண்ஜாடைக்குப் பதிலாக எல்லாவற்றையும் வாய்விட்டுக் கேட்டு, திருப்பிச் சொல்லி உறுதி செய்ய வேண்டும். திடீரென்று ரத்தம் பீறிட்டால்? சர்ஜன் எழுந்து கைகழுவி, கவுன் போட்டுக்கொண்டு வருவதற்குள், கருவிகளை உருவி இயந்திரத்தை விலக்க வேண்டியது இவர்கள்தான்.

2001 செப்டம்பரில் நியூயார்க்கில் இருந்தபடியே பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் இருந்த பெண்ணுக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். அது ஜீயஸ் என்கிற வேறொரு ரோபோ. சர்ஜன் கடல் தாண்டி இருக்கலாம், ஆனால் நோயாளி பக்கத்தில் ஒரு குழு நின்றே ஆக வேண்டியிருந்தது. (பெயர் என்னவோ கடல் தாண்டியவருக்குத்தான்!)

ஆஸ்பத்திரிக் கணக்கில் இயந்திரத்துக்குத் தேய்மானம் உண்டு, பராமரிப்பு ஒப்பந்தம் உண்டு, இத்தனை தடவைக்கு மேல் பயன்படுத்தக்கூடாது என்று எண்ணி வைத்த கருவிகளுக்கும் செலவுப் பதிவு உண்டு. நர்ஸின் கூடுதல் உழைப்பை மட்டும் எந்தத் தலைப்பில் எழுதுவது? அளக்க வழி இல்லாமலும் இல்லை. 1988-ல் வெளியான நாசா-டி.எல்.எக்ஸ். மனச்சுமை, உடல்சுமை, நேர நெருக்கடி, எரிச்சல் என்று ஆறு விஷயங்களைக் கேட்டுப் பணிச்சுமைக்கு மதிப்பெண் போடும். ஆபரேஷன் தியேட்டர்களிலும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

அந்தத் தாளை சர்ஜனிடம் மட்டும் நீட்டாமல், ஆபரேஷன் முடிந்ததும் அறையில் இருந்த எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். இயந்திரம் வாங்கும் பட்ஜெட்டிலேயே நர்ஸ் பயிற்சிக்கும், நடுவில் மாற்றிவிட இன்னொரு ஆளுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். பல கோடி கொடுத்து இயந்திரத்தை வாங்கிவிட்டு, அதைப் பழகிய நர்ஸை அடுத்த மாதமே வேறு வார்டுக்குத் தூக்கிப் போடுவது எந்த ஊர் சிக்கனமோ!