ஊருக்கு வெளியே என்றால் எங்கே?

எங்கள் பேரூராட்சியில் பேருந்து நிலையத்தைப் புதுசாக்கினார்கள். தரைக்குக் கலர் கல், எல்.இ.டி. விளக்கு, மூலையில் ஒரு சின்னப் பூங்கா. "நம்ம ஊரும் டவுனாயிடுச்சு" என்று கடைத்தெருவில் பெருமைப் பேச்சு. அதே வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் எங்கள் காலனியை ஒட்டிய ஓடைக்கு ஒரு டேங்கர் லாரி ரிவர்ஸில் வந்து நின்றது. வால்வைத் திறந்தார்கள். யார் யார் வீட்டுப் பீயோ எங்கள் ஓடையில் ஓடியது.

ஓடிப்போய் மறித்தோம். ஓட்டி வந்த தம்பி பக்கத்து ஊர்க் காலனிக்காரர். "அண்ணே, நீங்களே எடத்தக் காட்டுங்க, அங்க கொட்டிட்டுப் போறேன். ஊருக்கு வெளிய கொட்டச் சொல்றாங்க, வந்துட்டேன்" என்றார். அவர் மேல் கோபப்பட முடியவில்லை. ஆனால் அந்தச் சொல் தூங்கவிடவில்லை. ஊருக்கு வெளியே என்றால் எங்கே? ஊர்க்காரர்களுக்கு அது வெளி. நமக்கு வாசல்.

சிறுநகர வளர்ச்சி, வாழ்க்கைத் தரம், நிலைத்த வளர்ச்சி என்றெல்லாம் இப்போது நிறையப் பேசுகிறார்கள். 2022 பிப்ரவரி நகர்ப்புறத் தேர்தலை அறிவித்தபோது தமிழ்நாட்டில் பேரூராட்சிகள் மட்டுமே 490. பெரும்பாலானவற்றில் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். 2014 அக்டோபர் 2இல் தூய்மை இந்தியா தொடங்கிய பிறகு கக்கூஸ்களை எண்ணினார்கள், போட்டோ எடுத்தார்கள், 'திறந்தவெளியற்ற' ஊர் என்று போர்டு வைத்தார்கள். தொட்டி நிரம்பினால் அது எங்கே போகும், யார் அள்ளுவார் என்பது அந்தக் கணக்கில் பின்னுக்குப் போய்விட்டது. திறந்தவெளியில் தனித்தனியாகப் போனதை இப்போது மொத்தமாக லாரியில் கொண்டுவந்து நம் திறந்தவெளியில் கொட்டுகிறார்கள். அவ்வளவுதான் முன்னேற்றம்.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தைப் போற்றியவர்களை அம்பேத்கர் கடுமையாக மறுத்துப் பேசினார். நம் ஆட்கள் கிராமத்தை விட்டு டவுனுக்கு வந்ததில் அந்த நியாயம் இருக்கிறது. டவுனுக்கு வந்தால் பேர் தெரியாது, தெரு கேட்க மாட்டான் என்று நம்பினோம். டீக்கடையில் கேட்கவில்லை, உண்மைதான். ஆனால் குப்பைக் கிடங்குக்கு இடம் பார்க்கும்போது மட்டும் நகராட்சிக்கும் பேரூராட்சிக்கும் நம் தெரு எப்படியோ தெரிந்துவிடுகிறது. கேட்டால், "புறம்போக்கு அங்கதானே இருக்கு" என்கிறார்கள். புறம்போக்கை ஒட்டி நம்மைக் குடிவைத்தது யார் என்று அடுத்த கேள்வி கேட்டால் கோப்பை மூடிவிடுகிறார்கள்.

தொட்டி விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் உயிர் அதில்தான் போகிறது. செப்டிக் டேங்க்கை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும். வழிந்து வரும் தண்ணீர் உறிஞ்சுகுழிக்குப் போக வேண்டும். நடப்பது என்ன? தொட்டியைக் கிணறு மாதிரி பெரிசாகக் கட்டி, பத்துப் பதினைந்து வருஷம் திறப்பதே இல்லை. வழிகிற தண்ணீரைத் தெருச் சாக்கடையில் விட்டுவிடுகிறார்கள். அடியில் கசடு இறுகிப் போகிறது. லாரியின் குழாய் மேல்தண்ணியை இழுத்துவிடும், அடிக்கட்டியை இழுக்காது. அப்போதுதான் வீட்டுக்காரர், "எறங்கி ஒரு கலக்கு கலக்கி வுடுப்பா, சேத்துக் குடுக்கிறேன்" என்பார். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு. அந்த வாயு ஓர் அளவைத் தாண்டினால் மூக்கின் மோப்பத்தையே செத்துப்போக வைத்துவிடும். நாத்தம் இல்லை என்று நினைத்து இறங்குகிறவன் அங்கேயே சாய்கிறான். அவனைத் தூக்க இறங்குகிற அண்ணனும் சாய்கிறான். பேப்பரில் 'விஷவாயு தாக்கி' என்று வரும். விஷவாயு தானாக வந்து யாரையும் தாக்கவில்லை. கூப்பிட்டு இறக்கினார்கள்.

சட்டம் இல்லையா? 1993இல் ஒன்று, 2013இல் ஒன்று. இரண்டாவது சட்டம் அந்த வருஷம் அம்பேத்கர் நினைவு நாளான டிசம்பர் 6 அன்று அமலுக்கு வந்தது. அதிலும் ஒரு பொந்து. பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்குவதைத்தான் அது 'அபாயகரமான' சுத்தம் செய்தல் என்கிறது. கையுறை மாட்டிவிட்டால் சாதித் தொழில் மரியாதையான தொழிலாகிவிடுமா? சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. வாங்கித் தர வேண்டியது நம் கடமை. ஆனால் தீர்ப்பு தொகையை ஏற்றிக்கொண்டே போகும் நாட்டில் சாவு நிற்கவில்லை என்பதுதான் அதன் பொருள்.

வழியே இல்லை என்று சொல்ல முடியாது. கர்நாடகத்தில் தேவனஹள்ளி என்ற சிறுநகரத்தில் 2015இலேயே மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் அமைத்தார்கள். கசடு காய்ந்து உரமாகிறது. தமிழ்நாட்டில் மதுராந்தகம் பக்கம் கருங்குழி பேரூராட்சியில் 2017இல் வந்தது. ஆகவே சின்ன ஊருக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது என்ற பேச்சு செல்லாது. நம் கேள்வி வேறு. நிலையம் எந்தத் தெருவை ஒட்டி வரும்? அதில் பொறியாளர் யார், கசடு வாருகிறவர் யார்? 'தூய்மைப் பணியாளர்' என்று பேரில் மரியாதை வைத்தார்கள். சம்பளம் ஒப்பந்தக்காரர் கையில் இருக்கிறது. இயந்திரத்தை ஓட்டுகிறவரும் வாரிசு மாதிரி அதே காலனியிலிருந்துதான் வர வேண்டுமென்றால், துடைப்பத்துக்கு ஸ்டியரிங் மாட்டியதைத் தவிர என்ன மாற்றம்?

நம் தோழர்கள் சிலருக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. "சாக்கடை, லைட்டுன்னு பேசறது சீர்திருத்தவாதம் தோழர், நிலம், அதிகாரம் பற்றிப் பேசுவோம்" என்கிறார்கள். எந்த நிலத்தில் எதைக் கொட்டலாம் என்று தீர்மானிப்பதை விட வேறென்ன அதிகாரம்? காலனிப் பெண்கள் ஓடை ஊத்துத் தண்ணியை மோந்து பார்த்துவிட்டுக் குடத்தைக் கவிழ்க்கிறார்களே, அது நிலப் பிரச்சினை இல்லையா? கூட்டம் போட்டுப் பேச நமக்கு நேரமிருக்கிறது. டேங்கர் எத்தனை மணிக்கு வருகிறது என்று பார்க்க நேரமில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மாணவத் தோழர்கள் இந்த வேலையை எடுத்துக்கொள்ளலாம். உங்கள் ஊரின் வரைபடத்தை எடுங்கள். குப்பைக் கிடங்கு, சாக்கடை கடைசியில் விழும் இடம், லாரி கொட்டும் இடம் மூன்றையும் குறியுங்கள். பக்கத்தில் எந்தத் தெரு என்று எழுதுங்கள். எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை பேர் ஒப்பந்தம், எந்த லாரிக்கு உரிமம் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நாங்கள் கேட்டோம். பதில் அரைகுறையாக வந்தாலும், அதை வைத்து முற்றுகை போட்டதில், கசடு நிலையத்துக்கு இடம் பார்ப்பதாகச் செயல் அலுவலர் ஒப்புக்கொண்டார்.

போன மாதம் சர்வேயர் சங்கிலியோடு வந்தார். எங்கள் சுடுகாட்டை ஒட்டி அளந்துவிட்டுப் போனார். பூங்காவுக்குப் பின்னாலும் பேரூராட்சிக்குச் சொந்தமான காலி இடம் இருக்கிறது. அதையும் அளக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம்.