வரிக்கு ஒரு சாமான்

கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கும் உங்கள் பெண் நடு ராத்திரியில், “இரண்டு பேர் திருத்தமும் மோதிக்கொண்டுவிட்டது, அம்மா!” என்று தலையில் கை வைத்துக்கொள்கிறாளா?

2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய ‘கிட்’ என்பது ஒரு கணக்குப்பிள்ளை. பலர் திருத்திய கோப்பை வரி வரியாக ஒப்பிட்டு ஒன்று சேர்க்கும். மளிகை ஜாபிதா முழுவதையும் ஒரே வரியில் எழுதியிருந்தால், ஒருத்தி உப்பையும் இன்னொருத்தி புளியையும் திருத்தினால்கூடத் தகராறுதான். அவசரத்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால், மற்றவள் உழைப்பு வீண்!

ஆகவே, வரிக்கு ஒரு சாமான் எழுத வேண்டும். இருவரும் புதிய சாமானை அடியிலேயே சேர்த்தால் மறுபடி மோதல். அகராதி வரிசையில் செருகினால் பெரும்பாலும் இடம் விலகிவிடும்.

சண்டை வந்தபின் சமாதானம் பேசுவதைவிட, வராதபடி எழுதி வைப்பது மேல். குடித்தனத்திலும் அப்படித்தானே, சகோதரி?