கரண்டைக் குறை சொல்லுமுன் கடிகாரத்தைப் பாருங்கள்

தென்காசிப் பக்கம் கரண்டைப் பற்றிப் பேச்செடுத்தால் அது வோல்டேஜில்தான் போய் நிற்கும். மிக்ஸி திணறுகிறது, மோட்டார் இழுக்கவில்லை என்பார்கள். வோல்டேஜ் தெருவுக்குத் தெரு, டிரான்ஸ்பார்மருக்கு டிரான்ஸ்பார்மர் மாறும். அதிர்வெண் அப்படியல்ல. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தெற்கு மின்தொகுப்பு மற்ற தொகுப்புகளோடு இணைந்தது. அன்றிலிருந்து குற்றாலத்து விடுதி அறையின் பிளக்கிலும் டெல்லி வீட்டுப் பிளக்கிலும் ஒரே அதிர்வெண்தான். நாட்டின் மின்தேவை உற்பத்தியை மிஞ்சினால் அது 50 ஹெர்ட்ஸிலிருந்து இறங்கும். உற்பத்தி மிஞ்சினால் ஏறும். 49.90-க்கும் 50.05-க்கும் இடையே அதை வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

இதை வீட்டிலிருந்தே அளக்க ஆயிரம் ரூபாய்க்குள் பொருள் வாங்கிவிடலாம்: 230 வோல்ட்டை 9 வோல்ட்டாக இறக்கும் சின்ன டிரான்ஸ்பார்மர், ஓர் ஆப்டோகப்ளர், ஓர் அர்டுயினோ போர்டு. (230 வோல்ட் பக்கத்து இணைப்பை மட்டும் விவரமறிந்தவர் கொடுக்கட்டும்.) ஒரு நொடியில் எத்தனை அலை என்று எண்ணினால் 49, 50, 51 என்று முழு எண்தான் கிடைக்கும். 50 அலை கடக்க எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்தால்தான் தசமத்துக்குப் பின்னால் உள்ளவை தெரியவரும்.

ஆனால் நேரத்தை எந்தக் கடிகாரம் சொல்கிறது? இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அர்டுயினோ ஊனோவின் மையச் சில்லுக்குத் தாளம் போடுவது குவார்ட்ஸ் படிகம் அல்ல, செராமிக் ரெசனேட்டர். அதன் பிழை அரை சதவீதம் வரை போகலாம். 50 ஹெர்ட்ஸில் அது 0.25. விதி அனுமதிக்கும் மொத்த அகலமே 0.15 தான்! போதாததற்கு அறை சூடேறினால் ரெசனேட்டரும் நகரும். நண்பகலில் திரையில் கோடு சரிவதைப் பார்த்து மின்வாரியத்தைத் திட்டுகிறவர், உண்மையில் தன் மேசை மேல் உள்ள போர்டின் வெப்பத்தை அளந்துகொண்டிருக்கலாம். டிஎஸ்3231 என்ற கடிகாரச் சில்லைச் சேர்த்தால் பிழை பத்து லட்சத்தில் இரண்டு பங்கு, அதாவது 0.0001 ஹெர்ட்ஸ். ஜிபிஎஸ் மாட்யூல் நொடிக்கொருமுறை தரும் துடிப்பு இன்னும் மேல்.

சீசனில் செங்கோட்டைக் கணவாய் வழியே சாரலோடு வரும் காற்றுதான் கிழக்கே கயத்தாறு பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. காற்று ஏறி இறங்குவது கோட்டில் தெரியும் என்று எதிர்பார்ப்போம். பெரும்பாலும் தெரியாது; அவ்வளவு பெரிய தொகுப்பில் அது கரைந்துவிடும். அசைய வேண்டுமானால் அடி பெரிதாக இருக்க வேண்டும். 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு நாடே விளக்கணைத்தபோது சுமார் 31,000 மெகாவாட் தேவை சரிந்தது, அதிர்வெண் 49.70-க்கும் 50.26-க்கும் இடையே ஊசலாடி மீண்டது. இலங்கையின் தொகுப்பு தனி, சிறியது. 2025 பிப்ரவரி 9 அன்று பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் கோளாறு ஏற்பட்டுத் தீவே இருண்டது. குரங்குதான் காரணம் என்றார் அமைச்சர். குற்றாலத்துக்காரர்கள் உடனே நம்பியிருப்பார்கள்.

தொகுப்பின் அதிர்வெண்ணை அரசு நிறுவனமே இணையத்தில் காட்டும்போது நாம் எதற்கு அளக்க வேண்டும் என்று கேட்கலாம். அதை ஒப்பிட்டுத்தான் நம் கருவி சரியா என்று அறிய முடியும். அந்த ஒப்பீடே நல்ல பாடம். பிளஸ் டூ இயற்பியல் செய்முறையில் நெடுங்காலம் ஒரு சோதனை இருந்தது: சுரமானிக் கம்பியில் கரண்டைச் செலுத்தி, மேலே ஏற்றிய காகிதத் துண்டு துள்ளி விழும் நீளத்தைக் கண்டு அதிர்வெண்ணைக் கணக்கிடுவது. விடை 50 என்று எல்லாருக்கும் முன்பே தெரியும். அளவுகளும் அதற்குத் தக்கபடி நோட்டில் வந்து உட்காரும். நல்ல சோதனைதான், ஆனால் தொகுப்பின் உண்மையான அசைவைக் காட்டும் நுட்பம் அதற்கில்லை. தென்காசி மாவட்டத்துப் பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் சுரமானிக்குப் பக்கத்திலேயே இந்தச் சின்னக் கருவியையும் வைக்கலாம். 49.97 என்று எழுதிய மாணவிக்கு ஆசிரியர் மதிப்பெண் குறைக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

- கட்டுரையாளர், மின்னணுவியல் பொறியாளர்