பேய்த்தலை நட்சத்திரமும் காது கேளாத வாலிபரும்

வடவானத்தில் பெர்சியூஸ் என்னும் நட்சத்திரக் கூட்டத்தில் அல்கால் என்று ஒரு நட்சத்திரம் உண்டு. அந்த அரபுப் பெயருக்குப் பேயின் தலை என்று பொருள். கிரேக்கர்களோ, தலைமயிருக்குப் பதிலாகப் பாம்புகள் முளைத்த மெடூசா என்னும் அரக்கியின் தலையை ஒரு வீரன் வெட்டிக் கையில் பிடித்திருப்பதாகப் புராணம் கட்டி, அந்தத் தலையை இந்த நட்சத்திரம் இருக்கும் இடத்தில் வைத்தார்கள். ஐரோப்பிய ஜோசியர்கள் இதைவிடக் கெட்ட நட்சத்திரம் வானத்திலேயே இல்லையென்றும், இதனால் தலைக்கே ஆபத்து வருமென்றும் எழுதிவைத்தார்கள். புராணமும் ஜோசியமும் நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமான சரக்கல்ல என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி என்ன வேண்டும்?

இந்த நட்சத்திரத்திடம் ஒரு விசேஷம் உண்டு. பளிச்சென்று இருப்பது சில இரவுகளில் மங்கிக்கொண்டே வந்து, வழக்கமான ஒளியில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து, சில மணி நேரத்தில் மறுபடியும் பழையபடி ஆகிவிடும். 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலே மொன்டனாரி என்பவர் இதன் ஒளி மாறுவதைக் கண்டு எழுதினார். ஆனால் எத்தனை நாளைக்கொரு முறை மங்குகிறது என்ற கணக்கு வெளிவர அதற்குமேல் 100 வருஷம் பிடித்தது.

அந்தக் கணக்கை வெளியிட்டவர் யார்? இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் இருந்த ஜான் குட்ரிக் என்னும் 18 வயது வாலிபர். இவர் குழந்தைப் பருவத்திலேயே காது கேளாதவரானார். நம் நாட்டில் இப்படி ஒரு குழந்தை இருந்தால், பெற்றோரின் முகத்துக்கு நேரே பூர்வஜன்ம பாவம் என்று சொல்லும் வாய்கள் இன்றும் இருக்கின்றன. குட்ரிக்கின் பெற்றோர் பாவத்தையும் பரிகாரத்தையும் தேடிப் போகவில்லை; எடின்பரோவில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று நடந்த பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அந்தப் படிப்புத்தான் பின்னால் உலகத்துக்குப் பயன்பட்டது.

1782 நவம்பர் 12-ந் தேதி இரவு, அல்கால் மங்கியிருப்பதை அவர் கண்டார். இதனால் என்ன கேடு வருமோ என்று கேட்கவில்லை. மறுபடி எப்போது மங்கும் என்று கேட்டார். இரவு இரவாக வெறுங்கண்ணால் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தார். பேய் ஒரு கடிகாரமாக மாறிற்று! 2 நாள் 20 மணி 49 நிமிஷத்துக்கு ஒரு முறை அது மங்குகிறது என்பது இன்றைய கணக்கு. குட்ரிக் 1783-ல் லண்டன் ராயல் சங்கத்துக்கு எழுதியனுப்பிய கணக்கு இதற்குச் சில நிமிஷங்களுக்கு மேல் வித்தியாசப்படவில்லை. அந்த வருஷமே சங்கம் அவருக்குக் காப்லி மெடல் கொடுத்தது.

காரணம் என்ன என்பதற்கு அவர் இரண்டு யோசனை சொன்னார். ஒரு பெரிய இருண்ட பொருள் நட்சத்திரத்தைச் சுற்றிவந்து நமக்கு மறைக்கலாம். அல்லது நட்சத்திரத்தின் ஒரு பக்கத்தில் இருண்ட புள்ளிகள் இருந்து, அது சுழலும்போது அப்பக்கம் நம்மை நோக்கலாம் என்றார். இதுதான் வேதவாக்கு, நம்பாதவன் நரகத்துக்குப் போவான் என்று சொல்லவில்லை. 1786-ல், 21-ஆம் வயதில், எது சரியென்று தெரியாமலே இறந்துபோனார். அவர் கணக்கு இறக்கவில்லை. 1889-ல் ஜெர்மனியில் போட்ஸ்டாம் நகரத்தில் வோகல் என்னும் அறிஞர் அந்த நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது, மங்குவதற்கு முன் அது நம்மை விட்டு விலகுவதும், மங்கி எழுந்தபின் நம்மை நோக்கி வருவதும் தெரிந்தது. ஆகவே அங்கே இருப்பது ஒன்றல்ல, இரண்டு, ஒன்றையொன்று சுற்றுகின்றன, ஒளி குறைந்தது ஒளி மிகுந்ததை மறைக்கும்போது நமக்கு மங்கலாகத் தெரிகிறது என்பது ருஜுவாயிற்று. சூரியனைச் சந்திரன் மறைப்பதுபோல் இதுவும் ஒரு கிரகணமே தவிர வேறல்ல. பாம்பும் இல்லை, பேயும் இல்லை.

இன்னொரு சங்கதியும் கவனிக்கத்தக்கது. அல்கால் சுமார் 90 ஒளி வருஷ தூரத்தில் இருக்கிறது. அதாவது இன்றிரவு நாம் காணும் மங்கல் ஏறக்குறைய 90 வருஷத்துக்கு முன் நடந்து முடிந்தது. நமது பாட்டன் காலத்தில் அங்கிருந்து கிளம்பிய வெளிச்சம், இன்று பிறக்கும் குழந்தையின் தலையெழுத்தை எப்படி நிர்ணயிக்கும்? நட்சத்திரத்தைக் காட்டிப் பெண்ணுக்குக் கல்யாணம் கூடாதென்றும், பிள்ளையால் குடும்பத்துக்கு ஆகாதென்றும் சொல்லிப் பணம் பறிப்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். குட்ரிக் சொன்னதை யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்க முடிந்தது. ஜோசியர் சொல்வதை அப்படி நாள், மணி, நிமிஷம் போட்டுச் சோதிக்க ஒப்புக்கொள்வாரா?

மார்கழி மாதத்து முன்னிரவில் வடக்கே நிமிர்ந்து பார்த்தால் நம் ஊரிலிருந்தே இந்த நட்சத்திரம் தெரியும். தூரதிருஷ்டிக் கண்ணாடிகூட வேண்டியதில்லை. வாலிபர்கள் பத்து இரவு பார்த்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்து, பிறகு வீட்டிலுள்ள பெரியவர்களையும் பெண்களையும் குழந்தைகளையும் அழைத்துக் காட்ட வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம்.